கதவுக்கு அடியில் வெளிச்சம்

எந்த வீட்டுக்குப் போனாலும் அவர் முதலில் பார்ப்பது கதவின் அடியைத்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே குனிந்து ஒரு பார்வை பார்த்துவிடுவார். உள்ளே போய் உட்கார்ந்து, காப்பி டம்ளர் கைக்கு வந்த பிறகும் கண் அங்கேயே போய் நிற்கும். எங்கள் கடைக்கு எதிரில் இருந்த மருந்துக்கடையில் கண்ணாடிக் கதவு போட்ட அன்று, கடைக்காரர் வருகிறவர் போகிறவரை எல்லாம் கூப்பிட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். இவர் போய்த் தரையோடு தரையாக உட்கார்ந்து, கதவுக்கும் தரைக்கும் நடுவில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார்.

"விரலு போகுதுங்க. விரலு போனா மத்ததெல்லாம் போகும்" என்றார்.

மருந்துக்கடைக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. இவர் அதைக் கவனிக்கவே இல்லை. குறை சொல்ல வேண்டும் என்ற எண்ணமே அவருக்குக் கிடையாது. தன்னைப் போலவே எல்லோருக்கும் அது பெரிய விஷயம் என்று நம்பினார், அவ்வளவுதான்.

காரைக்குடியில் நாங்கள் ரெக்ஸின், ஃபோம், ரப்பர் சாமான் விற்கிற கடை வைத்திருக்கிறோம். கார் சீட்டுக்கு உறை, மெத்தைக்கு ஃபோம், கதவுக்கு ரப்பர் பட்டை என்று எல்லாம் கிடைக்கும். கடையில் நான் உட்காருவேன். வீடுகளுக்குப் போய் மாட்டிக்கொடுப்பது என் வீட்டுக்காரர் வேலை. கதவடியைப் பார்க்கிற அந்த மனிதர் அப்படித்தான் எங்களுக்குப் பழக்கமானார். சொந்தமாக ஒரு கார் வைத்து வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். ஐம்பதை ஒட்டிய வயது, ஒடிசலான உடம்பு, எப்போதும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை.

முதல் தடவை வந்தபோது கையில் ஒரு பழைய ரப்பர் துண்டு இருந்தது. வெயிலில் காய்ந்து மரக்கட்டை மாதிரி இறுகிப் பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஒரு முனையை எலி கடித்திருந்தது.

"இது மாதிரி வேணும். ஆனா இது மாதிரி ஆயிறக்கூடாது" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "எதுக்குண்ணே மாட்டப் போறீக?"

"கார் ஷெட்டுக் கதவுக்கு."

"ஷெட்டுக்குத்தானே, சாதா ரப்பரே போதும்ணே. மழைத்தண்ணி உள்ள வராம இருந்தாச் சரி."

"தண்ணி வந்தாக்கூடத் தொடச்சிக்கிறலாம் தங்கச்சி. தூசி வரக்கூடாது. எறும்பு வரக்கூடாது. உள்ள கார் இல்ல. என் வீட்டுக்காரி இருக்கா."

நான் சிரித்ததற்காக வெட்கப்பட்டுப் போனேன். அவர் அதையும் கவனிக்கவில்லை. கல்லாவுக்கு முன்னால் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

அவர் மனைவிக்கு இரண்டு கிட்னியும் கைவிட்டிருந்தன. அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போய் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள அப்போது உடம்பு தாங்காது என்று, வயிற்றில் ஒரு குழாயைப் பொருத்தி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அந்தக் குழாய் வழியாக ஒரு பை மருந்துத் தண்ணீரை வயிற்றுக்குள் இறக்க வேண்டும். சில மணி நேரம் அது உள்ளே இருக்கும். பிறகு அதை வடித்துவிட்டு அடுத்த பையை மாட்ட வேண்டும். விடிந்ததிலிருந்து படுக்கிற வரை மாற்றி மாற்றி இதே வேலை. மாற்றுகிற நேரத்தில் குழாயின் வாயில் கிருமி பட்டுவிட்டால் வயிற்றுக்குள்ளேயே சீழ் பிடித்துவிடும். அதனால் அப்போது கதவு ஜன்னல் சாத்தியிருக்க வேண்டும், ஃபேன் ஓடக்கூடாது, வாயையும் மூக்கையும் கட்டிக்கொள்ள வேண்டும், கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். மதுரை ஆஸ்பத்திரியில் இதையெல்லாம் அவருக்குப் பழக்கிக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

அமராவதிபுதூர் போகிற ரோட்டில் அவர்களுடைய வீடு ஓட்டு வீடு. ஓட்டிடுக்கிலிருந்து எந்நேரமும் ஏதாவது உதிரும். பக்கத்தில் கட்டிய கார் ஷெட்டுக்குத்தான் தளம் போட்ட கூரை, டைல்ஸ் பதித்த தரை. காருக்கு நல்ல வீடு கட்டிவிட்டுத் தான் ஓட்டுக்குள் படுக்கிறார் என்று தெருவே சிரித்ததாம். இப்போது கார் வேப்பமரத்தடியில் நின்றது. மனைவிக்குக் கட்டிலைக் கொண்டுபோய் ஷெட்டில் போட்டுவிட்டார்.

"நல்ல எடந்தான். ஆனா அந்த ரெட்டை இரும்புக் கதவு இருக்கே, அதுதான் ஆகாது. ரோட்டுல ஒரு லாரி போனாச் செம்மண்ணு அப்படியே உள்ள வந்து எறங்குது" என்றார்.

அளவெடுக்க என் வீட்டுக்காரரோடு நானும் போனேன். உள்ளே ஒரு பெண் படுத்திருக்கிறாரே, கூட இருந்தால் நல்லது என்று நினைத்தேன். வாசலில் வாளித் தண்ணீரும் சோப்பும் வைத்து எங்களைக் கை கழுவ வைத்துத்தான் உள்ளே விட்டார். சட்டைப் பையில், மற்றவர்கள் பேனா செருகும் இடத்தில், அவர் ஒரு சின்ன சோப்பு டப்பா வைத்திருந்ததை அன்றுதான் பார்த்தேன். அறை அத்தனை சுத்தம். சுவரோரம் மருந்துப் பைகள் வந்த அட்டைப் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. ஆணியில் ஒரு நாள்காட்டி. கட்டிலில் அவர் மனைவி சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உடம்பு வாடியிருந்தாலும் கண் துறுதுறுவென்று இருந்தது. அன்றிலிருந்து எனக்கு அவர் அண்ணன், இவர் மதினி.

"வாத்தா. ரப்பர்க்காரியா நீ? இவுக வாயத் தொறந்தா ஒன் கடைப் பேச்சுதான்" என்றார் மதினி. "எனக்கும் ஒரு பட்டைய வாங்கிச் சுத்தி ஒட்டிருங்கன்னு சொல்லிருக்கேன்."

அண்ணன் சிரிக்கவில்லை. அவர் மண்டியிட்டுக் கதவின் அடியை என் வீட்டுக்காரருக்குக் காட்டிக்கொண்டிருந்தார். மேலே, கீழே, இரண்டு பக்கமும், இரண்டு கதவும் சேர்கிற நடுவிலும் இடைவெளி. பழைய பட்டை பாதி உதிர்ந்து பசை மட்டும் கறுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணே, இம்புட்டுப் பாடு எதுக்கு? கதவையே எடுத்துட்டுச் செங்கல் வச்சு அடச்சிரலாமே. ஒரு சின்னக் கதவு போட்டாப் போதும்ல" என்றார் என் வீட்டுக்காரர்.

அண்ணன் எழுந்து கையில் ஒட்டிய தூசியைத் துடைத்தார். "செவரு வச்சுட்டா அப்பறம் இது கார் ஷெட்டு இல்லைல்ல மாப்ள. இவளுக்குச் சரியாகி வீட்டுக்குள்ள வந்துட்டான்னா, காரு எங்குட்டு நிக்கும்?"

மதினி என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வேலை நடந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பழைய பசையைச் சுரண்டி, தின்னர் போட்டுத் துடைத்து, இரும்பை உப்புத்தாளால் தேய்த்தால்தான் புதுப் பட்டை பிடிக்கும். தின்னர் நெடி மதினிக்கு ஆகாது. காலையில் பை மாற்றி முடித்ததும் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து, வேப்பமரத்தடியில் நின்ற காரின் பின் சீட்டில் உட்காரவைத்தோம். கார்க் கதவு இரண்டையும் திறந்து வைத்தாயிற்று. அவ்வளவுதான், தெருவே அங்கே கூடிவிட்டது. பூக்காரம்மா கூடையை இறக்கி வைத்து உட்கார்ந்துவிட்டார். எதிர்வீட்டு அம்மா கீரை ஆய்வதற்கு முறத்தோடு வந்தார். யாருக்குக் கல்யாணம் கூடியது, யார் வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், எல்லாம் அன்றைக்கே மதினியின் காதுக்கு வந்து சேர்ந்தன. இத்தனை நாள் சேர்த்து வைத்த சிரிப்பை எல்லாம் அவர் அங்கே கொட்டித் தீர்த்தார். அண்ணன் ஷெட்டுக்கும் காருக்கும் நடுவில் அலைந்துகொண்டே இருந்தார். "தள்ளி உக்காருங்க, தள்ளி உக்காருங்க" என்று எல்லோரிடமும் சொன்னார். ஒருவரும் தள்ளி உட்காரவில்லை.

பட்டை ஒட்டி முடித்ததும் அண்ணன் தன்னை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தச் சொன்னார். உச்சி வெயில். ஜன்னலையும் கறுப்புத் துணியால் மூடிக்கொண்டார். உள்ளே தரையில் படுத்துக்கொண்டு கதவின் நாலு பக்கமும் வெளிச்சம் வருகிறதா என்று பார்த்தார்.

"வலப்பக்கக் கீல்கிட்ட ஊசி மொன அளவு வருது மாப்ள!" உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"அது ஒண்ணும் செய்யாதுண்ணே."

"வெளிச்சம் வந்தாத் தூசி வரும்."

என் வீட்டுக்காரர் கீல் ஓரத்தில் வளைந்த பட்டையைப் பிரித்து இன்னொரு துண்டை வெட்டி ஒட்டினார். மறுபடி கதவைச் சாத்தினோம். நீண்ட நேரம் சத்தமே இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது. கதவைத் திறந்தால், வேர்வையில் சட்டை முழுக்க நனைந்து, இருட்டுக்குள்ளிருந்து அவர் வெளியே வந்தார். முகம் மட்டும் மலர்ந்திருந்தது. "கும்மிருட்டு" என்றார், ஏதோ பரிசு வாங்கியவர் மாதிரி.

அதற்குப் பிறகு கடைப்பக்கம் அடிக்கடி வருவார். வாங்குவதற்கு ஒன்றும் இருக்காது. பட்டை எப்படி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார். வெளியூர்ச் சவாரியை எல்லாம் விட்டுவிட்டார். பை மாற்றுகிற நேரத்துக்குள் திரும்பிவிடுகிற தூரம் வரைதான் போவார். ஒரு தடவை கானாடுகாத்தானுக்குக் கல்யாணக்காரர்களை இறக்கிவிட்டு வந்தார். பெரிய பழைய வீட்டை ஓட்டலாக மாற்றியிருக்கிறார்களே, அங்கேதான் விசேஷம். மற்றவர்கள் தேக்குத் தூணையும் பெல்ஜியம் கண்ணாடியையும் பார்த்து வாயைப் பிளந்திருப்பார்கள். இவர் வந்து என்னிடம் சொன்னது வேறு.

"அம்மாடி, எம்புட்டுப் பெரிய கதவு! அடியில மொழங்கால் ஒயரத்துக்கு நெலப்படி வச்சுருக்காக தங்கச்சி. ரப்பரே இல்லாம அந்தக் காலத்துலயே அடச்சிருக்காக பாரு."

மதினியிடமிருந்து வடிந்த தண்ணீர்ப் பையை அவர் சோதிக்கிற விதம் தெருவுக்கே தெரியும். தெளிவாக இருந்தால் நல்லது, கலங்கியிருந்தால் உள்ளே சீழ் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எழுத்துள்ள தாளின் மேல் பையை வைத்து, அதன் வழியாக எழுத்தைப் படிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். அண்ணன் நாள்காட்டித் தாளைக் கிழித்து வைத்துக்கொண்டு சத்தமாகவே படிப்பார். "மேஷம், வரவு. ரிஷபம், அலைச்சல். மிதுனம், நிம்மதி."

"என் வயித்துத் தண்ணிக்குள்ள ராசிபலன் பாக்குற ஆளு, இந்த ஒலகத்துலயே இவுகதான்" என்பார் மதினி.

சிரிக்கும்படியாகவே எல்லாம் இருந்துவிடவில்லை. மதினியின் அக்கா தேவகோட்டையிலிருந்து ஒருநாள் பஸ் ஏறி வந்தார். தங்கைக்குப் பிடித்தது என்று கைமுறுக்கு சுற்றி எடுத்து வந்திருந்தார். பை மாற்றுகிற நேரமாகப் போயிற்று. அண்ணன் கதவைத் திறக்கவில்லை. மாற்றி முடித்த பிறகும், பஸ்ஸில் வந்த சேலையோடு உள்ளே வர வேண்டாம், குளித்து மாற்றிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள், "கூடப் பொறந்தவளப் பாக்க நான் தீட்டுக் கழிச்சுட்டு வரணுமாக்கும்?" என்று கேட்டுவிட்டு, முறுக்குப் பாத்திரத்தைக் காரின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவராக வரவே இல்லை. இதை மதினி என்னிடம் சொன்னபோது அழவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அன்றைக்கு அந்த அறையில் எனக்கு மூச்சு முட்டியது. நாங்கள் விற்ற ரப்பர்தான், என் வீட்டுக்காரர் ஒட்டியதுதான். ஒரு பொட்டுக் காற்று வராமல் அவ்வளவு நேர்த்தியாக இருந்தது.

ஆனியில் ஒரு மத்தியானம் அண்ணன் கடைக்குள் வந்த வேகத்தைப் பார்த்தே நான் எழுந்துவிட்டேன். வெள்ளைச் சட்டை கசங்கியிருந்தது. கையில் கதவிலிருந்து பிய்த்தெடுத்த பட்டை. அதை மேசையில் போட்டார்.

"ஏமாத்திருச்சு தங்கச்சி. ஒன் ரப்பரு ஏமாத்திருச்சு."

"என்னண்ணே ஆச்சு?"

"எழுத்துத் தெரியல. ஒரு எழுத்துக்கூடத் தெரியல. அரிசி கழுவின தண்ணி மாதிரி வருது. வயித்து வலியில துடிச்சா. மதுரையில சேத்துட்டு, அவ துணிமணி எடுக்க வந்தேன். எங்குட்டோ எடம் இருந்திருக்கு. நான் பாக்காம விட்டிருக்கேன்."

பட்டையை எடுத்துப் பார்த்தேன். வளைத்தால் வளைந்தது, விட்டால் நிமிர்ந்தது. ஒரு கீறல்கூட இல்லை. அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பட்டையில் குறை இல்லை என்றால் பிறகு குறை யாரிடம் என்று அவர் தன்னையே பார்க்கத் தொடங்கிவிடுவார் என்று பயந்தேன். "பாத்து மாத்திக் குடுக்கச் சொல்றேண்ணே, நீங்க மொதல்ல மதினியப் பாருங்க" என்று அனுப்பி வைத்தேன்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. ரசஞ்சோறு கட்டிக்கொண்டு மதுரைக்குப் போனேன். வார்டில் மதினி சுவரோரக் கட்டிலில் படுத்திருந்தார். முகம் வீங்கியிருந்தது. அண்ணன் மருந்து வாங்கப் போயிருந்தார். என்னைப் பார்த்ததும் மதினி என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தார்.

"ஒன் ரப்பரக் கொற சொல்லிட்டு வந்தாகளாமே."

"அதெல்லாம் விடுங்க மதினி."

"ரப்பரு மேல குத்தமில்லத்தா. நாந்தான் கதவத் தொறந்து வச்சிருந்தேன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. மதினி மெதுவாகச் சொன்னார். அண்ணன் சவாரிக்குப் போனதும், கட்டிலைப் பிடித்து எழுந்து, கதவில் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். பை மாற்றுகிற நேரத்தில் இல்லை. குழாய் மூடியிருக்கும்போதுதான். பூக்காரம்மா வருவார், எதிர்வீட்டு அம்மா வருவார், பேசிக்கொண்டிருப்பார்கள். கார் சத்தம் கேட்டதும் சாத்திவிட்டுக் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொள்வார்.

"டாக்டரு என்ன சொன்னாக?"

"எதுனாலன்னு சொல்ல முடியாதுன்னுட்டாக. கை பட்டும் வருமாம், கொடலுக்குள்ள இருக்குற கிருமியே எறங்குனாலும் வருமாம். அவுககிட்டயும் டாக்டரு இதைத்தான் சொன்னாக. அவுக கேட்டாத்தான. ராத்திரி பகலா ரப்பரு ரப்பருன்னே பொலம்புறாக. நான் கண்ண மூடிக் கெடக்கேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அண்ணன் வந்துவிட்டார். மருந்துப் பொட்டலத்தை வைத்ததும் வைக்காததுமாகத் தொடங்கிவிட்டார். "வந்துட்டியா தங்கச்சி. நல்லதாப் போச்சு. மாப்ளகிட்டச் சொல்லு, மொத்தத்தையும் பிரிச்சுருவோம். இந்தத் தடவ ரெட்டைப் பட்டையா ஒட்டிரலாம். ஒண்ணு போனா இன்னொண்ணு..."

"ஏங்க" என்றார் மதினி.

"இரு. உள்பக்கம் ஒண்ணு, வெளிப்பக்கம் ஒண்ணு..."

"ஏங்க, கொஞ்சம் கேளுங்க. நீங்க இல்லாதப்ப நான் கதவத் தொறந்து வச்சிருந்தேன். சித்திரையிலருந்து. தெனமும்."

அவர் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை ஜன்னல் திட்டில் வைத்தார். அது நேராக நிற்கிறதா என்று பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சத்தம் போடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அத்தனை பாடுபட்டிருக்கிறார், போட்டால் நியாயம் என்றுகூடத் தோன்றியது. பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். நர்ஸ் ஒருவர் தள்ளுவண்டியோடு எங்களைக் கடந்து போனார்.

"காத்து வந்துச்சா?" என்று கேட்டார் அண்ணன்.

மதினிக்குக் கண் நிறைந்துவிட்டது. "வந்துச்சுங்க. வேப்பமரத்துக் காத்து. நல்லா வந்துச்சு."

"ம்" என்றார். மதினியின் கால்மாட்டில் விலகியிருந்த போர்வையை இழுத்துவிட்டார். இழுத்த கையை அங்கிருந்து எடுக்கவில்லை. பாதத்தைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். நான் ரசஞ்சோற்றுப் பாத்திரத்தை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

சீழ் கட்டுப்படவில்லை. வயிற்றுக் குழாயை எடுத்துவிட்டார்கள். தேறி வருவதற்கு ஆடி முழுக்க ஆயிற்று. இனி மெஷின்தான் என்றார்கள். தாங்காது என்று பயந்த உடம்பு, தட்டுத் தடுமாறித் தாங்கிக்கொண்டது. வாரத்தில் சில நாட்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்துவிட்டு வர வேண்டும். போய்வந்த நாளில் துவண்டு கிடப்பார். மறுநாள் எழுந்துவிடுவார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் செய்த முதல் காரியம், இரண்டு கதவையும் அகலத் திறந்து சுவரில் கொக்கி போட்டு மாட்டியதுதான். கட்டிலை வாசலைப் பார்த்துத் திருப்பிப் போட்டார். மழைக்கு இருக்கட்டும் என்று மீதியிருந்த பட்டையை மட்டும் கழற்றவில்லை. அதற்காக அவர் ஆளே மாறிவிட்டார் என்று சொல்லமாட்டேன். டயாலிசிஸ் செய்கிற இடத்தில் கதவுக்கடியில் குனிந்து பார்த்து நர்ஸிடம் திட்டு வாங்கினார் என்று மதினி சொல்லிச் சிரித்தார். வாசலில் பூக்காரம்மா உட்கார்ந்து எழுந்த இடத்தை, அந்த அம்மாள் தெருமுனை தாண்டுவதற்குள் கூட்டித் தள்ளிவிடுவாராம். ஒருநாள் தேவகோட்டைக்கு அவரே காரை எடுத்துக்கொண்டு போனார். போய் அக்காவிடம் என்ன பேசினார் என்று தெரியாது. திரும்பி வரும்போது முன் சீட்டில் அந்த அம்மாள் இருந்தார். சேலை மாற்றச் சொல்லவில்லை. கை மட்டும் கழுவச் சொன்னார்.

மறு வருஷம் அவர்கள் திருச்சிக்குப் போய்விட்டார்கள். வெளியூரில் படித்துக்கொண்டிருந்த மகளுக்கு அங்கே வேலை கிடைத்திருந்தது, வீட்டுக்குப் பக்கத்திலேயே ஆஸ்பத்திரி. ஓட்டு வீட்டையும் ஷெட்டையும் வாங்கியவர் இரண்டையும் இடித்துவிட்டார். கொஞ்ச நாள் போனில் பேசிக்கொண்டிருந்தோம். பிறகு நம்பர் மாறிவிட்டது போலிருக்கிறது. இருவரும் நன்றாக இருக்கிறார்கள் என்றுதான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அவர்கள் கிளம்புவதற்கு முந்தைய மாதம் என் நாத்தனார் பிள்ளைக்கு இளையாத்தங்குடிக் கோயிலில் வேண்டுதல் ஒன்று இருந்தது. அண்ணனின் காரைத்தான் கூப்பிட்டோம். அன்று மதினிக்கு ஆஸ்பத்திரி இல்லாத நாள். "அவளும் வரட்டுமா தங்கச்சி? முன்னாடி உக்காந்துக்குவா, எடத்த அடைக்க மாட்டா" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும்.

ஏசி போடட்டுமா என்று கேட்டதற்கு மதினி வேண்டாம் என்றார். நாலு கண்ணாடியும் இறங்கின. ஊரைத் தாண்டியதும் ரோடு வேலை நடந்துகொண்டிருந்தது. எதிரே செம்மண் ஏற்றிய டிப்பர் லாரி ஒன்று வந்தது. தூரத்திலேயே அதன் பின்னால் எழும்பிய புழுதி மேகம் தெரிந்தது. அண்ணனின் கை கண்ணாடி ஏற்றுகிற பொத்தானுக்குப் போனதைப் பின் சீட்டிலிருந்து பார்த்தேன். விரல் பொத்தானின் மேல் நின்றது. அவர் மதினியைத் திரும்பிப் பார்த்தார். மதினி கண்ணை மூடிக்கொண்டு, முகத்தை ஜன்னலுக்கு வெளியே கொடுத்து உட்கார்ந்திருந்தார். முன்நெற்றி முடி பறந்துகொண்டிருந்தது. அண்ணன் கையை எடுத்து ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டார்.

லாரி எங்களைக் கடந்தது. கொஞ்ச நேரத்துக்கு ரோடே தெரியவில்லை. புழுதி அடங்கியபோது வண்டிக்குள் எல்லோருக்கும் இமை, மீசை, வேட்டி, சேலை எல்லாம் ஒரே நிறம். பிள்ளை தும்மினான். மதினி தலைக்கு மேலிருந்த கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி முகத்தைப் பார்த்தார்.

"ஏங்க, இங்குட்டுப் பாருங்க. மஞ்சப் பூசுனாப்புல இல்ல?"

அண்ணன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார். மதினியின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார். அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் நான் கேட்டேன். நிறுத்த முடியாமல், ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். மதினி அவர் முதுகில் அடித்தார். அடித்த இடத்தில் வெள்ளைச் சட்டையிலிருந்து செம்மண் கிளம்பியது.